எந்த பெயின்டுக்கு எந்த தின்னர்? – ஏர்பிரஷ் கேள்வி பதில்

போன இதழில் ஸ்கேல் மாடல்களுக்கு, அதாவது நிஜ விமானம், வண்டிகளை அளவு குறைத்துச் செய்யும் பிளாஸ்டிக் மாடல்களுக்கு, ஏர்பிரஷில், அதாவது காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் சின்னக் கருவியில், பெயின்ட் அடிப்பதைப் பற்றிக் கொஞ்சம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எந்த அக்ரிலிக் பெயின்ட் வாங்குவது, அதை எந்தத் தின்னரில், அதாவது பெயின்டை நீர்க்கவைக்கும் திரவத்தில், கரைப்பது, எவ்வளவு கரைப்பது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் இருக்கிற நாம் பெரும்பாலும் பெங்களூருவுக்குப் போகும்போதோ ஆன்லைனிலோதான் இதையெல்லாம் வாங்குகிறோம். பாட்டில் மாறி வந்துவிட்டால் மறுபடி வாங்கி வரும்வரை வேலை நின்றுவிடும், அந்த அவசரத்தில் கையில் கிடைத்ததை ஊற்றினால் மாடலும் போய்விடும். அதனால் இந்த முறை மற்ற கேள்விகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், டமியா எக்ஸ்எஃப் வரிசை பெயின்ட் வாங்கினேன். தண்ணீரில் கரையும் என்று படித்ததால் தண்ணீர் ஊற்றி அடித்தேன், பிளாஸ்டிக் மேல் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. அப்புறம் ஹார்டுவேர் கடையில் தின்னர் வாங்கி ஊற்றினேன். இறக்கையில் இருந்த மெல்லிய கோடுகள் எல்லாம் கரைந்துவிட்டன. அக்ரிலிக் என்றால் தண்ணீர்தானே சார்?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

பதில்: எல்லா அக்ரிலிக்குக்கும் தண்ணீர் கிடையாது. இந்த ஒரு விஷயம் தெளிவாகிவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெயின்டில் நிறத்தைக் கொடுக்கும் தூள் ஒன்று, அதைப் பிளாஸ்டிக்கோடு பிடித்து வைக்கும் பிசின் ஒன்று, இரண்டையும் ஓடவைக்கும் திரவம் ஒன்று. பிசின் அக்ரிலிக் என்பதால் மூடியில் அப்படி எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் திரவம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு, நாம் ஊற்றும் தின்னர் ஒத்துப்போக வேண்டியது அந்தத் திரவத்தோடுதான். டமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் வரிசைகளும் மிஸ்டர் ஹாபியின் அக்வியஸ் வரிசையும், அதாவது எச் என்ற எழுத்தோடு எண் போட்டு வருவதும், ஆல்கஹால் கலந்த வகை. மூடியைத் திறந்து லேசாக முகர்ந்தாலே ஸ்பிரிட் வாசனை வரும். வயேஹோ, ஏகே தேர்ட் ஜெனரேஷன், அம்மோ போன்றவை தண்ணீர் வகை, சொட்டு சொட்டாக விடும் பிளாஸ்டிக் பாட்டிலில் வரும், வாசனை அதிகம் இருக்காது. மிஸ்டர் கலர், டமியாவின் எல்பி வரிசை இரண்டும் லாக்கர், அதாவது கடுமையான கரைப்பான் கலந்த வகை, மூக்கில் ஏறும். அவற்றுக்கு லாக்கர் தின்னர் மட்டும்தான்.

உங்களிடம் இருப்பது முதல் வகை. அதற்கு டமியாவே கொடுக்கும் எக்ஸ்-20ஏ தின்னரை வாங்குங்கள். எக்ஸ்எஃப் மேட், எக்ஸ் பளபளப்பு, இரண்டுக்கும் அதே தின்னர்தான். தண்ணீர் ஊற்றினால் பெயின்ட் கெட்டுப்போகாது, கலக்கவும் செய்யும், ஆனால் தண்ணீரின் பரப்பு இழுவிசை அதிகம் என்பதால் வழவழப்பான பிளாஸ்டிக்கில் பரவாமல் திரண்டு நிற்கும். நீங்கள் பார்த்த முத்துகள் அதுதான். எக்ஸ்-20ஏ கிடைக்காத நாளில் 99 சதவீத ஐசோபுரப்பைல் ஆல்கஹால் கைகொடுக்கும், ஆனால் அது சீக்கிரம் ஆவியாகிவிடும், அந்தத் தொல்லையைப் பற்றிக் கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார். கை கழுவும் சானிடைசரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் கிளிசரின், வாசனைப் பொருள் எல்லாம் கலந்திருக்கும்.

கொஞ்சம் பழகியவர்கள் டமியா எக்ஸ்எஃப் பெயின்டை மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரில் கரைத்து அடிப்பார்கள். அது லாக்கர் தின்னர்தான், ஆனால் மாடலுக்கென்றே செய்தது, உலர்வதைத் தாமதப்படுத்தும் பொருளும் அதில் இருக்கிறது. பெயின்ட் மெல்லியதாக விரிந்து, பிளாஸ்டிக்கை நன்றாகக் கவ்வி உட்காரும். என்னைக் கேட்டால் டமியாவுக்கு இதைவிட அழகான ஜோடி இல்லை. ஆனால் ஹார்டுவேர் கடையில் விற்கும் என்.சி. தின்னர் வேறு சமாச்சாரம். மரத்துக்கும் இரும்புக்கும் அடிப்பதற்காகக் கலந்தது அது, கிட், அதாவது பாகங்களாக வரும் மாடல் செட், செய்யப் பயன்படும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை நேரடியாகவே கரைக்கும். உங்கள் கோடுகள் போனது அப்படித்தான். அதே கடையில் கிடைக்கும் டர்பன்டைனும் வேண்டாம், அது எனாமல் பெயின்டுக்கானது, அக்ரிலிக்கோடு சேரவே சேராது.

அந்த இறக்கையை இப்போதைக்குத் தொடாதீர்கள். சில நாள் நன்றாகக் காயட்டும், மென்மையாக இருக்கும்போது தேய்த்தால் இன்னும் வழியும். கெட்டியான பிறகு நைஸ் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்துச் சமப்படுத்தி, கோடுகளை ஊசியால் மறுபடி கீறிக்கொள்ளலாம். வேலை அதிகம்தான், ஆனால் மாடலைக் காப்பாற்றிவிடலாம்.

கேள்வி: விகிதத்தை மட்டும் ஒரே வரியில் சொல்லுங்கள் சார்.
– ஊத்தங்கரை வாசகர்

பதில்: டமியாவுக்கு ஒரு பங்கு பெயின்ட், ஒரு பங்கு தின்னர், வயேஹோ மாடல் கலருக்கும் அதன் ஏர்பிரஷ் தின்னரில் ஒன்றுக்கு ஒன்று, ஏர்பிரஷுக்கென்றே நீர்க்கச் செய்து வரும் வயேஹோ மாடல் ஏர் என்றால் பத்து சொட்டுக்கு இரண்டு மூன்று சொட்டு, லாக்கருக்கு ஒன்றுக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இரண்டு. காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ.

ஆனால் இந்த எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரே கம்பெனியின் வெள்ளையும் கறுப்பும்கூட ஒரே கெட்டி இருக்காது. திறந்து பல மாதம் ஆன பாட்டில் இன்னும் இறுகியிருக்கும். பார்க்க வேண்டியது பதம். கலந்த பெயின்டைக் கிண்ணத்தின் பக்கவாட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள், பால் வழிவதுபோல மெல்லிய படலம் விட்டு மெதுவாக இறங்க வேண்டும். கோடு கோடாகத் தங்கினால் கெட்டி, படலமே இல்லாமல் ஓடிவிட்டால் தண்ணி. பிறகு ஒரு பழைய பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்துப் பாருங்கள். கலவையை ஏர்பிரஷ் கப்பிலேயே செய்வதைவிடத் தனிக் கிண்ணத்தில் செய்வது நல்லது. கப்பில்தான் செய்வேன் என்றால் தின்னரை முதலில் ஊற்றி, அப்புறம் பெயின்டை விடுங்கள். கரையாத பெயின்ட் அடியில் போய், பெயின்ட் வெளியே வரும் சின்னத் துளையான நாசிலை அடைக்காது.

கேள்வி: வயேஹோ மாடல் கலர் வைத்திருக்கிறேன். 0.3 மிமீ நாசில். அடிக்க ஆரம்பித்த சிறிது நேரத்தில் பெயின்ட் நின்றுவிடுகிறது, பிறகு திடீரென்று கொத்தாகத் துப்புகிறது. டிசம்பரில் இந்தத் தொல்லை இல்லை, பங்குனி பிறந்ததிலிருந்து தினமும் இதே கதை. ஏர்பிரஷை மாற்ற வேண்டுமா?
– தருமபுரி வாசகர்

பதில்: மாற்ற வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, டிசம்பரில் இல்லாதது பங்குனியில் வருகிறது என்றால் காரணம் நம்மூர் வெயில். ஏர்பிரஷ்காரர்கள் இதை டிப் டிரை என்பார்கள். நாசிலின் நுனியில் காற்று வேகமாகப் பாய்வதால் அங்கே ஈரம் முதலில் போகிறது, ஊசியின் முனையில் பெயின்ட் காய்ந்து ஒட்டிக்கொள்கிறது, பின்னால் வருவது அதில் தடுக்கி நிற்கிறது, அழுத்தம் கூடியதும் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டு வந்து மாடல் மேல் விழுகிறது. டமியா வகை காய்ந்தாலும் அதன் தின்னர் பட்டால் மறுபடி இளகும். தண்ணீர் வகை அப்படி இல்லை, ஒருமுறை காய்ந்து படலமாகிவிட்டால் தண்ணீர் ஊற்றினாலும் கரையாது, அதனால்தான் வயேஹோ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வெறும் தண்ணீரில் கரைப்பதை நிறுத்துங்கள். தண்ணீர் அதிகமானால் பிசின் நீர்த்துப்போய்ப் பெயின்ட் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, டேப் ஒட்டி எடுத்தால் கூடவே உரிந்து வரும். அந்தக் கம்பெனியின் ஏர்பிரஷ் தின்னரில் கரைத்து, அதோடு ஃப்ளோ இம்ப்ரூவர் என்ற திரவத்தில் சில சொட்டு சேருங்கள். அது பரப்பு இழுவிசையைக் குறைப்பதோடு உலர்வதையும் தாமதப்படுத்தும். கடும் வெயில் மாதங்களில் உலர்வதை இன்னும் தாமதப்படுத்தும் ரிடார்டர் ஒரு சொட்டு சேர்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம், அதிகமானால் பெயின்ட் காயாமல் பிசுபிசுவென்று நின்றுவிடும். மென்மையான ஒரு பழைய பிரஷைத் தின்னரில் நனைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவ்வப்போது ஊசி முனையைத் துடைத்துவிடுங்கள். இது சரிசெய்யும் வேலை இல்லை, தண்ணீர் வகை அடிப்பதில் இதுவும் ஒரு பகுதி, நல்ல ஏர்பிரஷ் வைத்திருப்பவர்களும் செய்வதுதான்.

நேரத்தையும் மாற்றுங்கள். சித்திரை வைகாசியில் மதியம் இரண்டு மணிக்கு மொட்டைமாடி ஓட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து வயேஹோ அடிப்பது பெயின்டோடு மல்லுக்கட்டும் வேலை. காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். தலைக்கு மேல் ஃபேன் ஓட வேண்டாம், அது தூசியையும் கிளப்பும், காற்றிலேயே துளிகளைக் காயவைக்கவும் செய்யும். மாடல் மேல் கை வைத்தால் சொரசொரவென்று இருக்கிறதென்றால் துளிகள் வழியிலேயே காய்ந்து தூளாக விழுகின்றன என்று அர்த்தம். அப்போது ஏர்பிரஷை இன்னும் கிட்டே, 5 முதல் 8 சென்டிமீட்டருக்குள் கொண்டுவந்து, அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, தின்னரைக் கொஞ்சம் கூட்டுங்கள். அடித்த இடம் ஒரு கணம் ஈரமாக மின்னி, பிறகு அடங்க வேண்டும். மின்னாமலே மங்கலாக விழுந்தால் காய்ந்து விழுகிறது. எட்டுக்கால் பூச்சிக் கால்களாகச் சிதறி ஓடினால் எதிர்ப்பக்கம் போய்விட்டீர்கள், தண்ணி அதிகம், அல்லது மிகக் கிட்டே, அல்லது அழுத்தம் அதிகம்.

டமியா வைத்திருப்பவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. குளிர்காலத்தில் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் அழகாக வந்த பெயின்ட் கோடையில் சொரசொரப்பாக வரும். அந்த மாதங்களில் எக்ஸ்-20ஏ அல்லது லெவலிங் தின்னருக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு போர் தண்ணீரில் பெயின்ட் கரைக்கலாமா? ஃபுளோரைடு இருக்கும் என்கிறார்கள், பெயின்ட் கெடுமா?
– காரிமங்கலம் வாசகர்

பதில்: ஃபுளோரைடு நம் இரண்டு மாவட்டங்களுக்கும் பெரிய பிரச்சினைதான். 2013-இல் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே ஜப்பான் கடனுதவியோடு அதற்காகக் கொண்டுவந்ததுதான். ஆனால் அது பல்லுக்கும் எலும்புக்குமான கவலை. பெயின்டுக்குத் தொல்லை தருவது தண்ணீரின் கடினத்தன்மை, கால்சியம், மக்னீசியம் உப்புகள். பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பு கறுப்பு, அடர்பச்சை நிறங்களில் காய்ந்த பிறகு சாம்பல் பூத்த மாதிரி தெரியும். பெட்ரோல் பங்க்கில் பேட்டரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிக்கொள்ளுங்கள், மாதக் கணக்கில் வரும். வாங்கும்போது அது தண்ணீர்தானா, ஆசிட் இல்லையே என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள். ஏர்பிரஷைக் கழுவ போர் தண்ணீர் போதும், கடைசி அலசலுக்கு மட்டும் இதை ஊற்றுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற ஃபெவிக்ரில் பெயின்டை ஏர்பிரஷில் ஊற்றலாமா? டமியா எல்லாம் விலை அதிகமாக இருக்கிறது.
– பள்ளி மாணவர், அரூர்

பதில்: ஊற்றலாம் தம்பி, ஆனால் வடிகட்டி ஊற்று. துணியிலும் பானையிலும் பிரஷால் பூசுவதற்காகச் செய்த பெயின்ட் அது, பிசின் கெட்டி, நிறத்தூளும் மாடல் பெயின்டில் இருக்கும் அளவுக்கு நைஸாக இருக்காது. 0.2 நாசிலில் ஊற்றினால் அடைத்துவிடும், 0.5 இருந்தால் பிழைத்தாய். டிஸ்டில்டு வாட்டரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, பழைய நைலான் சாக்ஸில் வடித்து, ஏர்பிரஷ் தின்னர் கொஞ்சம் சேர்த்துக்கொள். முதலில் பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, அடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகம் பட்டாலே உரியும். டிரிக்கர் பிடிப்பது, கை நகர்த்துவது எல்லாம் இதில் நன்றாகப் பழகலாம், ஸ்பூன், பழைய தண்ணீர் பாட்டில், உடைந்த பொம்மை எதிலும் அடித்துப் பார். காசு சேர்த்துச் செய்த நல்ல கிட் என்றால் மட்டும் மாடல் பெயின்ட் வாங்கு. எல்லா நிறமும் வேண்டாம், எக்ஸ்எஃப்-1 கறுப்பு, எக்ஸ்எஃப்-2 வெள்ளை, எக்ஸ்எஃப்-7 சிவப்பு, எக்ஸ்எஃப்-8 நீலம், எக்ஸ்எஃப்-3 மஞ்சள் இருந்தால் கலந்தே நிறைய நிறம் செய்துகொள்ளலாம். பத்து மில்லி பாட்டில் சின்னதுதான், ஆனால் கரைத்து அடிக்கும்போது நீ நினைப்பதைவிட அதிக நாள் வரும்.

கேள்வி: என் மகன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு ஏர்பிரஷ் அடிக்கிறான். தண்ணீர் பெயின்ட்தான் அம்மா, ஒன்றும் ஆகாது என்கிறான். இது சரியா?
– ஒரு தாய், பென்னாகரம்

பதில்: சரியில்லை அம்மா, நீங்கள் கவலைப்படுவது நியாயம். தண்ணீர் வகை என்றாலும் காற்றில் மிதப்பது நிறத்தூளும் பிளாஸ்டிக் பிசினும்தான், அது நுரையீரலுக்குள் போகக்கூடாது. அவர் அடிப்பது உண்மையிலேயே தண்ணீர் வகைதான் என்றால் என்95 முகக்கவசம் துகள்களைத் தடுக்கும், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். டமியா, லாக்கர் அடிக்கிறார் என்றால் என்95 போதாது, ஆவி அதற்குள் புகுந்து வரும். ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் போட்ட ரப்பர் மாஸ்க்தான் வேண்டும். புகையை வெளியே தள்ள ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஜன்னலில் இருந்தால் நல்லது. லாக்கர், ஆல்கஹால் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அந்த அறையில் சாமி விளக்கு, கொசுவர்த்தி, அடுப்பு எதுவும் எரியக்கூடாது. சின்னக் குழந்தைகள் வீட்டில் இருந்தால் தின்னர் பாட்டிலை உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். இதெல்லாம் செய்துவிட்டால் பயமில்லாமல் விடலாம், நிதானமும் பொறுமையும் வேண்டிய நல்ல வேலை இது.

கேள்வி: நான் ஓசூரில் வண்டிக் கம்பெனி பெயின்ட் ஷாப்பில் வேலை செய்கிறேன். கார் மாடல்களுக்கு எங்கள் 2கே பியு கிளியரையே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் நிறமில்லாத மேல்பூச்சையே, அடித்தால் என்ன? பளபளப்பு வேறு எதிலும் வராதே.
– ஓசூர் வாசகர்

பதில்: பளபளப்பு வராது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் பூத்தில் காற்றோட்டம் இருக்கிறது, வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் இருக்கிறது, வீட்டு வராந்தாவில் இரண்டும் இல்லை. ஒருமுறை அதற்கு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலே மூச்சுத் திணறும், ஆஸ்துமாவாகவே நின்றுவிடும். ஒரு கையளவு காருக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

டமியா எக்ஸ்-22 கிளியரை லெவலிங் தின்னரில் ஒன்றுக்கு ஒன்றரை கரைத்து அடித்துப் பாருங்கள். முதல் இரண்டு கோட் தூவலாக, ஈரம் நன்கு இழுத்த பிறகு ஒரு கோட் ஈரமாக. ஸ்டிக்கர், டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படம்) ஒட்டியிருந்தால் அந்தத் தூவல் கோட் கட்டாயம், நேராக ஈரமாக அடித்தால் லாக்கர் தின்னர் டிகாலைச் சுருக்கிவிடும். ஒரு வாரம் கழித்து 3000 உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போடுங்கள். பாலிஷ் போடத் தெரிந்த கை உங்களுடையது, நீங்கள் நினைக்கும் பளபளப்புக்கு ரொம்பக் கிட்டே வந்துவிடும்.

கேள்வி: தொப்பூர் கணவாயில் பார்த்த ஒரு பழைய லாரியை பிளாஸ்டிக் ஷீட் வெட்டிச் செய்துகொண்டிருக்கிறேன். கேபினுக்குச் சிவப்பு, பாடிக்கு மஞ்சள். எத்தனை கோட் அடித்தாலும் அடியில் இருக்கும் சாம்பல் பிரைமர் தெரிகிறது. கெட்டியாக அடிக்கலாமா?
– கிருஷ்ணகிரி வாசகர்

பதில்: கெட்டியாக அடித்தால் நீங்கள் உழைத்துச் செய்த கதவுக் கோடும் பலகை இடுக்கும் மூடிப்போகும். சிவப்பும் மஞ்சளும் மறைக்கும் சக்தி குறைந்த நிறங்கள், எந்தக் கம்பெனி வாங்கினாலும் அப்படித்தான். அடியில் இருப்பதை மாற்றுங்கள். மஞ்சளுக்கு அடியில் வெள்ளை, சிவப்புக்கு அடியில் வெளிர் ரோஸ். வெள்ளையில் உங்கள் சிவப்பையே கொஞ்சம் கலந்தால் ரோஸ் வந்துவிடும். அதன் மேல் மெல்லிய இரண்டு மூன்று கோட்டில் நிறம் எழும்பி நிற்கும். முதலில் மஞ்சளை அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு டேப் ஒட்டி, அப்புறம் சிவப்பு. மாறி அடித்தால் சிவப்பு மேல் மஞ்சள் படாத பாடு படும். வயேஹோ என்றால் டேப் ஒட்டும் முன் ஒரு நாள் முழுக்க விடுங்கள், டேப்பை ஒட்டும் முன் உங்கள் கையில் ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஷீட்டில் கை எண்ணெய் நிறைய இருக்கும், பிரைமருக்கு முன் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் கழுவிக் காயவைத்தீர்களா என்று கேட்க மறந்தேன்.

தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஓடும் நம் லாரிகளை இப்படி மாடலாகச் செய்ய ஆள் இருப்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஐரோப்பிய டிரக்குகளுக்குக் கிட் ஏராளம், நம் லாரிக்கு நாம்தான் செய்ய வேண்டும். முடிந்ததும் படம் அனுப்புங்கள், இந்தப் பக்கத்திலேயே போடலாம்.

கேள்வி: கம்ப்ரஸர் வாங்கக் காசில்லை. பஞ்சர் கடையில் காற்று பிடித்து அடிக்க முடியுமா?
– காவேரிப்பட்டணம் வாசகர்

பதில்: அங்கே நேராக மாட்டாதீர்கள். அந்த டேங்கில் அழுத்தம் நமக்கு வேண்டியதைவிடப் பல மடங்கு, காற்றில் எண்ணெயும் தண்ணீரும் கலந்து வரும். ஒரு துளி எண்ணெய் போதும், பெயின்ட் அந்த இடத்தில் விலகி வட்டமாகப் பள்ளம் விழும். ரிம்மோடு இருக்கும் பழைய கார் ஸ்டெப்னியில் காற்று அடைத்து வந்து, ரெகுலேட்டரும் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டியும் மாட்டி அடிக்கலாம், அந்தக் காலத்திலிருந்தே மாடல்காரர்கள் செய்த வழிதான். சத்தமே இருக்காது. ஆனால் காற்று குறையக் குறைய அழுத்தம் இறங்கும், அடிக்கடி அடைத்துக் கொண்டுவர வேண்டும். பழகுவதற்கு அது போதும். பிறகு வாங்கும்போது மூன்று லிட்டர் டேங்க் வைத்த சின்ன கம்ப்ரஸராகவே வாங்குங்கள், டேங்க் இல்லாததில் காற்று துடித்துத் துடித்து வரும். மீட்டரை எப்போதும் டிரிக்கரை அழுத்திப் பிடித்தபடி பாருங்கள், சும்மா இருக்கும்போது 20 காட்டுவது அடிக்கும்போது 14-க்கு இறங்கியிருக்கும்.

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் எங்கள் ஊர். போன மழையில் மாடலுக்கு லாக்கர் கிளியர் அடித்தேன், பனி படிந்ததுபோல வெளுத்துவிட்டது. பெயின்ட் போலியா?
– தேன்கனிக்கோட்டை வாசகர்

பதில்: போலி இல்லை, ஈரம். தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்தப் பரப்பு குளிர்கிறது, சுற்றியுள்ள ஈரக் காற்றிலிருந்து தண்ணீர் அதன் மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் மழைநாளில் கேட்கவே வேண்டாம், தருமபுரிக்காரர் வெயிலோடு போராடுகிறார், நீங்கள் ஈரத்தோடு. காய்ந்த ஒரு நாளாகப் பார்த்து, லெவலிங் தின்னரை மட்டும் மிக மெல்லியதாக அதன் மேல் தூவினால் மேல்படலம் இளகி, உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறி, பெரும்பாலும் தெளிந்துவிடும். மேட் கிளியர் அடித்து வெளுத்திருந்தால் மட்டும் காரணம் வேறாக இருக்கலாம், மேட் ஆக்கும் தூள் பாட்டிலின் அடியில் தங்கி, கலக்காமல் ஊற்றியிருப்பீர்கள். மழைக்காலத்தில் கம்ப்ரஸரின் வடிகட்டிக் கிண்ணத்தையும் ஒவ்வொரு முறையும் திறந்து காலி செய்யுங்கள்.

கேள்வி: 1/48 அளவில் நம் விமானப்படையின் மிக்-21 செய்கிறேன். 1963-இல் வந்து 2025 செப்டம்பரில் ஓய்வு பெற்றதே, அதன் ஆரம்பகால வெள்ளி நிறத்தில். என்ன பெயின்ட்?
– தருமபுரி, ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, வெள்ளிக்கு அடியில் இருப்பதுதான் எல்லாம். பளபளப்பான கறுப்பை, டமியா எக்ஸ்-1 போதும், கண்ணாடி மாதிரி வழவழப்பாக அடித்து, இரண்டு நாள் விடுங்கள். அதில் ஒரு தூசி இருந்தாலும் வெள்ளி அதைப் பெரிதாகக் காட்டிவிடும். அதன் மேல் வயேஹோ மெட்டல் கலர், 32 மில்லி பாட்டிலில் வரும், கரைக்காமலே அடிக்கலாம், 12 முதல் 15 பிஎஸ்ஐ போதும், தூவல் தூவலாக. எக்ஸ்எஃப்-16 அலுமினியம் நல்ல பெயின்ட்தான், ஆனால் அதன் மினுக்குத் தூள் கொஞ்சம் பெரியது, 1/48 அளவில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மூன்று வெள்ளி வாங்கி, இன்ஜின் பக்கத்துத் தகடுகளை மட்டும் சற்று அடர்த்தியாக அடித்தால் விமானம் உயிரோடு வரும்.

கேள்வி: டமியா அடித்து முடித்துவிட்டு அதே கப்பில் வயேஹோ ஊற்றினால் ரப்பர் மாதிரி திரிகிறது. ஏன்?
– மத்தூர் வாசகர்

பதில்: கப்பில் மீந்திருந்த ஆல்கஹால் வயேஹோவின் பிசினைத் திரித்துவிடுகிறது. டமியா முடிந்ததும் தின்னரால் கழுவி, அப்புறம் தண்ணீர் ஊற்றி இரண்டு மூன்று தடவை அடித்துவிட்டு, பிறகு வயேஹோ. திரும்பி வரும்போது இதையே தலைகீழாக, முதலில் தண்ணீர், அப்புறம் தின்னர். புதுசாக ஒரு பெயின்டும் தின்னரும் சேருமா என்று சந்தேகம் வந்தால் பழைய டப்பா மூடியில் ஒரு சொட்டுக்கு ஒரு சொட்டு விட்டுப் பல்குச்சியால் கலக்கிப் பாருங்கள், நூல் நூலாக இழுத்தால் சேராது. ரப்பர் வளையம் போட்ட விலை குறைந்த ஏர்பிரஷை லாக்கர் தின்னரில் ஊறவைக்காதீர்கள், வளையம் ஊதிவிடும்.

கேள்வி: கரைத்து மீந்த பெயின்டை வைத்திருக்கலாமா?
– மொரப்பூர் வாசகர்

பதில்: டமியாவை அதன் தின்னரில் கரைத்தது என்றால் சின்னக் கண்ணாடி பாட்டிலில் இறுக மூடி வைத்துக்கொள்ளலாம், அடுத்த முறை நன்றாகக் கலக்கினால் போதும். எந்த நிறம், எதில் கரைத்தது என்று மேலே எழுதி ஒட்டுங்கள். தண்ணீர் வகையை அன்றன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கரையுங்கள், மீந்ததைத் தாய் பாட்டிலில் திருப்பி ஊற்ற வேண்டாம்.